மறுபடியும் நகுரு: குழந்தைகள் இல்லத்துக்கு இரண்டாம் முறை தொண்டுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கென்யாவில் நகுரு நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு 2018இல் முதல் முறை போனேன், ஆறு வாரம். பிறகு 2022இலும் 2024இலும் போனேன். இல்லத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, பிள்ளைகளின் பெயரையும்தான். எனக்குத் தொழில் கோயம்புத்தூரில் கணக்கு எழுதுவது. முதல் முறை போவது எப்படி என்று சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். ஒருமுறை போய்வந்துவிட்டு "மறுபடி போகணும் போல இருக்கு" என்று போன் செய்கிறவர்கள் கேட்பது வேறு மாதிரி. அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

வந்ததிலிருந்து மனசு அங்கேயே இருக்கிறது. மறுபடி போகலாமா?

போகலாம். டிக்கெட் போடும் முன்னால் இல்லத்துக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: "நான் வந்தால் உங்களுக்கு எந்த வேலை குறையும்?" பதிலுக்கு "கரீபு டேனா", அதாவது "மறுபடி வாங்க" என்று மட்டும் வந்தால் அது மரியாதைக்குச் சொன்னது. வருகிறேன் என்பவரை வேண்டாம் என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வராது, நமக்கும் அப்படித்தானே. "ஆபீஸ் கோப்புகள் குப்பையாகக் கிடக்கின்றன, ஸ்டோர் கணக்கு மூன்று மாதமாக எழுதவில்லை" என்று பட்டியல் வந்தால் அதுதான் அழைப்பு.

அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் ஒரு பழமொழி உண்டு: "ம்கேனி சிக்கு ம்பிலி, சிக்கு யா டாட்டு ம்பே ஜெம்பே." விருந்தாளிக்கு இரண்டு நாள், மூன்றாம் நாள் அவன் கையில் மண்வெட்டியைக் கொடு. நாமும் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்கிறோம். நாம் மூன்றாம் நாள் ஊருக்கு அனுப்பிவைக்கிறோம், அவர்கள் வயலுக்கு அனுப்புகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். முதல் முறை போனபோது நீங்கள் விருந்தாளி. இனிமேல் மண்வெட்டிதான்.

பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். நான் போகாவிட்டால் ஏங்கிப்போக மாட்டார்களா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். பதில் கொஞ்சம் கசக்கும்.

உங்கள் வீட்டு மூன்று வயதுப் பிள்ளை, முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நின்றால் என்ன செய்யும்? அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதுதான் ஆரோக்கியம். வந்த ஐந்தாவது நிமிடமே யார் மடியிலும் ஏறி உட்காரும் பிள்ளைக்கு, ஓடி ஒளிய ஒரு முந்தானை இல்லை என்று அர்த்தம். இல்லங்களில் வளரும் பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் அதிகம் என்பதை ஆய்வாளர்கள் பல நாடுகளில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000களின் தொடக்கத்தில் 136 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள், மற்றவர்கள் வழக்கமான இல்லப் பராமரிப்பிலேயே தொடர்ந்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் பல விதத்திலும் தேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். பிள்ளைக்கு வேண்டியது தினமும் அதே முகம். வருஷத்துக்கு ஒரு மாதம் வந்துபோகும் நம் முகம் அந்தக் கணக்கில் சேராது.

2018இல் இதெல்லாம் எனக்குத் தெரியாது. முதல் நாளே நாலு பேர் என் கையைப் பிடித்துத் தொங்கியதை 'நம்மிடம் ஏதோ இருக்கிறது' என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் ஒரு டச்சுக்காரர் வந்தார். அதே நாலு பேர் அவர் கையைப் பிடித்துத் தொங்கினார்கள்.

போன முறை என்னிடம் ஒட்டிக்கொண்ட ஒரு பையனைப் பார்க்கத்தான் முக்கியமாகப் போகிறேன். தப்பா?

தப்பென்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. 2022இல் நான் போனதும் அதற்காகத்தான். ஆறு வயதில் என்னிடம் கூட்டல் கழித்தல் கற்றவன். அவனுக்கென்று ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிப் பையில் மேலாக வைத்திருந்தேன். போய்ச் சேர்ந்து டீ குடிக்கும் முன்பே "எங்கே அவன்?" என்று கேட்டேன். சமையல்கார அம்மா கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "வீட்டுக்குப் போய்விட்டான், பாட்டியிடம், ஒரு வருஷம் ஆகிறது" என்றார். அந்த இல்லத்துக்கு அதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. என் முகம் தொங்கிப்போனது. அதை அவரும் பார்த்தார். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கும்.

பாட்டி வீட்டு முகவரியைக் கேட்டேன். தரவில்லை, தராதது சரி. பாக்ஸை ஸ்டோரில் கொடுத்துவிட்டேன்.

கென்யாவில் இல்லங்களையே மூடப்போகிறார்களாமே?

படிப்படியாக, ஆமாம். கென்யாவில் குழந்தைகள் இல்லங்கள் பெருகியதற்கு எய்ட்ஸ் ஒரு பெரிய காரணம். நகுரு, நைவாஷா பக்கம் 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு நடந்த வன்முறையில் வீடிழந்து சிதறிய குடும்பங்கள் இன்னொரு காரணம். அப்புறம் வெளிநாட்டுப் பணம். கூரை இருந்தால் நன்கொடை வரும், நன்கொடை வந்தால் படுக்கை கூடும், படுக்கை இருந்தால் அதை நிரப்பப் பிள்ளைகளைத் தேடுவார்கள். நாடு முழுவதும் எண்ணூறுக்கும் மேற்பட்ட இல்லங்களில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் என்ற நிலைக்கு இப்படித்தான் வந்தார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் அநாதைகள் அல்ல. அம்மாவோ அப்பாவோ பாட்டியோ சித்தியோ இருப்பார்கள். பள்ளிக்கூடச் செலவுக்கு வழியில்லை, அவ்வளவுதான். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது அரசாங்கம் இல்லங்களில் இருந்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பச் சொன்னது. ஆயிரக்கணக்கானோருக்குப் போக ஒரு வீடு இருந்தது.

புது இல்லங்களுக்குப் பதிவு கொடுப்பதை 2017இலேயே நிறுத்தினார்கள். 2022இல் புதிய குழந்தைகள் சட்டம் வந்தது. கூடவே 2022 முதல் 2032 வரைக்குமான ஒரு தேசியத் திட்டமும் வந்தது: பிள்ளைகளைச் சொந்தக் குடும்பத்துக்கோ உறவினரிடமோ வளர்ப்புக் குடும்பத்துக்கோ மாற்றுவது, இல்லங்களைப் பகல்நேர மையம், குடும்ப உதவி மையம் என்று உருமாற்றுவது. ஐ.நா. பொதுச்சபையும் 2019 டிசம்பரில், அநாதை இல்லங்களுக்குத் தொண்டர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் அனுப்பும் பழக்கத்தால் பிள்ளைகளுக்கு வரும் கேடுகளைத் தடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது.

ஆகவே நீங்கள் திரும்பிப் போகும்போது பிள்ளைகள் குறைந்திருந்தால் வருத்தப்படாதீர்கள். கூடியிருந்தால் கவலைப்படுங்கள்.

நான் போகும் இல்லம் நல்ல இல்லம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் முறை கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும். இரண்டாம் முறை தைரியமாகக் கேட்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் நீதிமன்ற உத்தரவோடு வந்ததா? ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பு உண்டா? சொந்தக்காரர்கள் எப்போது வந்து பார்க்கிறார்கள்? போன வருஷம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் எண்ணாக வர வேண்டும். "இதுதான் சார் இவங்க வீடு" என்று வந்தால் யோசியுங்கள்.

இன்னொன்று, அவர்கள் உங்களிடம் போலீஸ் சான்றிதழ் கேட்கிறார்களா? நம் ஊரில் பாஸ்போர்ட் சேவா மூலம் விண்ணப்பித்தால் கிடைக்கும். அதைக் கேட்காமல் யாரையும் பிள்ளைகளோடு விடுகிற இல்லத்துக்கு நான் போக மாட்டேன். "நம்மைத்தான் ஏற்கெனவே தெரியுமே" என்பதெல்லாம் சலுகைக்குக் காரணம் ஆகாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொடுங்கள். தங்குவது வெளியே, ஒரு விடுதியில். எந்தப் பிள்ளையோடும் கதவு சாத்திய அறையில் தனியாக இருக்கக் கூடாது.

சரி, பிள்ளைகளோடு விளையாடக் கூடாது என்றால் அங்கே போய் என்னதான் செய்வது?

விளையாடக் கூடாது என்று யார் சொன்னது? சாயங்காலம் பந்து உதைக்கக் கூப்பிட்டால் போங்கள். ஆனால் உங்கள் வேலை அது அல்ல. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். அந்த அம்மாக்களின் சுமை குறைந்தால் பிள்ளைகளுக்கு அவர்கள் மடி கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

2022இல் நான் இருந்தது முழுக்க ஆபீஸ் அறையில். பிள்ளைகளின் கோப்புகள் ஒரு தகர பீரோவில் கிடந்தன. சிலதில் நீதிமன்ற உத்தரவு இருந்தது, பிறப்புச் சான்றிதழ் இல்லை. சிலதில் சொந்தக்காரர் போன் நம்பர் பென்சிலில் எழுதி அழிந்துபோயிருந்தது. அந்த நம்பர் இல்லாமல் பிள்ளையை வீட்டில் சேர்க்க முடியாது. ஆபீஸ் பெண்ணும் நானும் உட்கார்ந்து, பெயர், பிறந்த ஊர், சொந்தக்காரர், கடைசியாக வந்து பார்த்த தேதி, இல்லாத தாள் என்று கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணை போட்டோம். டைப் அடித்தது முழுக்க அவர், நான் பக்கத்தில்தான். எனக்குக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்வேன். நான் அடித்திருந்தால் மூன்றே நாளில் முடிந்திருக்கும், நான் கிளம்பிய மூன்றாம் நாள் செத்திருக்கும். 2024இல் போனபோது அதே அட்டவணையில் எனக்குப் புரியாத நாலு பத்திகள் புதிதாக இருந்தன.

உங்களுக்கு எலெக்ட்ரிக்கல் தெரியுமா, தையல் மெஷின் ரிப்பேர் தெரியுமா, நர்ஸ் வேலையா, அதைச் செய்யுங்கள். அங்கே ஒரு ஆளுக்குக் கற்றுக்கொடுத்தபடி செய்யுங்கள். உள்ளூர் கொத்தனாருக்குக் கூலி கொடுத்தால் முடிகிற சுவரைக் கட்ட விமானம் ஏற வேண்டாம்.

சுவாஹிலி வேண்டுமா? போன முறை ஆங்கிலத்திலேயே சமாளித்தேன்.

சமாளித்தது நீங்கள் இல்லை, அவர்கள். சமையலறையிலும் துணி துவைக்கும் இடத்திலும் பேச்செல்லாம் சுவாஹிலிதான். நமக்குச் சில சொற்கள் வேடிக்கையாக இருக்கும். 'மாமா' என்றால் அம்மா. 'காக்கா' என்றால் அண்ணன், காயல்பட்டினத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. 'டாடா' அக்கா.

மணி சொல்வதைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். சுவாஹிலியில் மணிக்கணக்கு காலை ஆறு மணியிலிருந்து தொடங்கும். நம் பழைய நாழிகைக் கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்கியதைப் போலத்தான். ஏழு மணி 'ஒரு மணி', ஒன்பது மணி 'மூன்று மணி'. ஊழியர் கூட்டம் 'ஸா டாட்டு' என்றார்கள். டாட்டு என்றால் மூன்று என்பதைப் பெருமையோடு கற்றுவைத்திருந்த நான் சாயங்காலம் மூன்று மணிக்கு நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றேன். கூட்டம் முடிந்து பாத்திரமும் கழுவியாகிவிட்டது.

பிள்ளைகள் உங்களை 'ம்ஹிண்டி', இந்தியர், என்பார்கள். இந்தியத் தொழிலாளிகளை வைத்து ஆங்கிலேயர் போட்ட ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த ஊர் நகுரு. கடை வைத்த இந்தியர்கள் பல தலைமுறையாக அங்கே உண்டு. ஒரு சிறுமி என்னிடம் "உங்கள் கடை எந்தத் தெருவில்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பவில்லை.

எப்போது போவது, எத்தனை நாள்?

கென்யாவில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும், மூன்று பருவம். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் லீவு, அப்புறம் ஆண்டுக் கடைசியில் நீண்ட லீவு. ஆபீஸ் வேலை, ரிப்பேர் வேலை என்றால் பள்ளி நடக்கும் நாட்களே நல்லது, பகலில் இடம் காலியாக இருக்கும். லீவு நாட்களில் பல பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிப் பழக்குவார்கள். அந்த நேரம் பார்த்து நீங்கள் பரிசோடு போய் நின்றால், போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு பிள்ளையாவது இருக்கும்.

இரண்டு வாரம் போதாது. கற்றுக்கொடுக்கும் வேலைக்கு ஒரு மாதமாவது வேண்டும். அதற்கு லீவு கிடைக்காவிட்டால் இங்கிருந்தே வாரம் ஒருமுறை வீடியோ காலில் கணக்குப் பாருங்கள். நேர வித்தியாசம் இரண்டரை மணிதான்.

விசா நடைமுறை மாறிவிட்டதாமே?

2024 ஜனவரியிலிருந்து விசா இல்லை. அதற்குப் பதில் இணையம் வழியே முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும், இ.டி.ஏ. என்கிறார்கள். அதை வைத்து அங்கே வேலை செய்ய முடியாது. சம்பளம் வாங்காத வேலையும் கென்யச் சட்டப்படி வேலைதான். தொண்டு, சமயப் பணிகளுக்கு 'ஐ' வகுப்பு பெர்மிட் உண்டு, குறுகிய காலத்துக்கு ஸ்பெஷல் பாஸ் உண்டு. இல்லம்தான் உங்களுக்காக விண்ணப்பிக்க வேண்டும். "டூரிஸ்ட் என்று சொல்லிவிட்டு வாங்க" என்று சொல்லும் இல்லம் வேறு எதையெல்லாம் அப்படிச் செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஊசியெல்லாம் மறுபடி போட வேண்டுமா?

மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டாம். 2016 ஜூலையிலிருந்து அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும், பழைய மஞ்சள் புத்தகத்தைத் தேடி எடுத்தால் போதும். தொலைத்துவிடாதீர்கள். அது இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க முடியும். தொலைந்துபோய்ப் புதிதாகப் போடுகிறவர்கள் பத்து நாள் முன்னால் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். டைபாய்டு ஊசி காலாவதி ஆகியிருக்கலாம், டாக்டரிடம் கேளுங்கள்.

மலேரியா இடத்தைப் பொறுத்தது. நகுரு சுமார் 1,850 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட நம் குன்னூர், கொசு குறைவு. விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள கிசுமுவுக்கோ மொம்பாசா பக்கமோ போவதாக இருந்தால் தடுப்பு மாத்திரை இல்லாமல் போகாதீர்கள். இருமல் சளியோடு இல்லத்துக்குள் நுழையவே கூடாது. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போய் ஜூலையில் நடுங்கினவன் சொல்கிறேன்.

என்ன வாங்கிக்கொண்டு போகலாம்?

பிளாஸ்டிக் கேரி பேக் மட்டும் வேண்டாம். 2017 ஆகஸ்டிலிருந்து அங்கே தடை, அபராதமும் சிறையும் உண்டு. முறுக்கை டப்பாவில் போடுங்கள்.

பிள்ளை பெயர் சொல்லிப் பொருள் கொடுக்காதீர்கள். ஒருவனுக்கு ஷூ வந்தால் இன்னும் முப்பது பேர் அந்த ஷூவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதுவானாலும் இல்லத்துக்கு, ஸ்டோர் புத்தகத்தில் எழுதி. நோட்டு, பேனா, சீருடைத் துணி எல்லாம் நகுருவிலேயே கிடைக்கும், அங்கே வாங்கினால் அங்கே ஒரு கடைக்காரருக்கு வியாபாரம்.

விருந்து வைக்க ஆசையா? இனிப்பு வேண்டாம், மாவு வாங்கிக் கொடுத்துச் சப்பாத்தி போடச் சொல்லுங்கள். தினப்படி சாப்பாடு உகாலி என்ற மக்காச்சோளக் களியும் சுகுமா விக்கி கீரையும். இந்தக் கீரையின் பெயருக்கே 'வாரத்தைத் தள்ளு' என்று பொருள். அங்கே சப்பாத்தி கிறிஸ்துமஸ் பலகாரம். நாம் அவசரத்துக்குச் சுடுகிற சப்பாத்தியை ஒரு பையன் சுருட்டி, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துப் பிரித்து அரை மணி நேரம் சாப்பிட்டான்.

பணம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், இல்லத்தின் பேரில் உள்ள வங்கிக் கணக்குக்கோ, எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவையில் நிறுவனங்களுக்குத் தரும் பேபில் எண்ணுக்கோ. யாருடைய சொந்த எம்-பெசா நம்பருக்கும் வேண்டாம். ரசீது கேளுங்கள். பிள்ளையை வீட்டில் சேர்த்தபின் அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கும் உதவிக்கு என்று குறிப்பிட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. அதற்குத்தான் யாரும் தருவதில்லை. பாட்டி வீட்டுக் கூரையில் பெயர்ப்பலகை வைக்க முடியாதல்லவா.

போட்டோ?

பிள்ளைகளின் முகம் வேண்டாம். கென்யாவின் 2019 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிள்ளைகள் விஷயத்துக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும். சட்டத்தை விடுங்கள், உங்கள் பிள்ளையை 'அநாதை' என்று எழுதி யாரோ முகநூலில் போட்டால் சும்மா இருப்பீர்களா? 2018இல் நான் போட்டதையெல்லாம் உட்கார்ந்து அழித்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது.

கிளம்பும்போது என்ன சொல்லிவிட்டு வருவது?

2018இல் நான் சொல்லாமலே வந்தேன். அழுவார்களே என்று, அவர்கள் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மடாட்டு என்ற மினி பஸ்ஸில் ஏறிவிட்டேன். அழுதிருக்கக்கூடியவன் நான் என்பதுதான் உண்மை. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்ததாக நாலு வருஷம் கழித்துச் சமையல்கார அம்மா சொன்னார்.

இப்போது போன முதல் நாளே, எல்லோர் முன்னாலும், எந்தத் தேதியில் கிளம்புகிறேன் என்று சொல்லிவிடுவேன். சாப்பாட்டு அறைக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போடுவோம். "உட்டரூடி லீனி?" என்பார்கள், எப்போது திரும்பி வருவீர்கள் என்று. "சீக்கிரம்" என்று சொல்லாதீர்கள். பிள்ளைகள் அதை நாளாக எண்ணுவார்கள். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள்.

2024இல் கடைசி நாள் காலையில் காலண்டரைப் பார்த்தேன். யாரோ முந்திக்கொண்டு அந்த வட்டத்தின் மேல் பென்சிலில் கோடு போட்டிருந்தார்கள். யார் என்று கேட்டேன், ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று சமையல்கார அம்மா எல்லோரையும் விரட்டினார். போகிற போக்கில் ரெண்டு பேர் கை ஆட்டினார்கள், மற்றவர்களுக்குக் கவனமெல்லாம் காணாமல்போன ஒரு சாக்ஸ் மேல்.